கேட்கத் தெரிந்தவர்கள்

தொண்டு நிறுவனத்துக்காக நன்கொடை கேட்பது இன்று முழுநேரத் தொழில். மெட்ரோ ரயில் நிலைய வாசலில் அடையாள அட்டையும் டேப்லெட்டுமாக நிற்பவர் முதல், தொழிலதிபர் ஒருவரோடு ஆண்டுக்கணக்கில் தொடர்பில் இருந்து மருத்துவமனைக் கட்டடத்துக்கு நிதி பெற்றுத் தருபவர் வரை பலரும் இதற்குள் வருவார்கள். நாளெல்லாம் தொலைபேசியில் பேசுபவர்களும், பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்காகத் திட்ட அறிக்கை எழுதுபவர்களும் இவர்களில் அடக்கம். நிதி திரட்டுநர் என்ற ஒரே பெயர்தான் எல்லோருக்கும். இவர்களை வேலைக்கு எடுக்கும் விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறும் தகுதி, ‘சமூகப் பணியில் ஆர்வம்’. அந்த ஆர்வத்தை எப்படி அடையாளம் காண்பது, அதோடு வேறு என்ன குணங்கள் வேண்டும், வேலைக்கு வந்த பிறகு அது வற்றாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதில்தான் பல நிறுவனங்கள் தடுமாறுகின்றன.

இந்தியாவில் இது அவசரக் கேள்வியாகிவிட்டது. 2020-ல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச அளவு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றவும் தடை வந்தது. பெரிய அமைப்புகளிடம் பணம் பெற்றுக் கிராமங்களில் வேலை செய்துவந்த சிறிய அமைப்புகள் உள்நாட்டு நன்கொடையாளர்களைத் தேட வேண்டியதாயிற்று. மறுபுறம், 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. பணம் உள்ளூரிலேயே இருக்கிறது. அதை முறையாகக் கேட்டுப் பெறும் ஆட்கள்தான் வேண்டும்.

அந்த வேலை லேசானதன்று. பொருள் விற்பவர் காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைக் கொடுக்கிறார். நிதி திரட்டுநரால் கொடுக்க முடிந்தது ஒரு ரசீது மட்டும்தான். மற்றதெல்லாம் கொடுப்பவர் அவர்மேல் வைக்கும் நம்பிக்கை. நாளில் பெரும்பகுதி அவருக்குக் கிடைக்கும் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். பலர் அதைக்கூடச் சொல்லாமல் கடந்து போகிறார்கள். இன்னொரு கஷ்டமும் உண்டு. அவர் திரட்டிய பணத்தில் படிக்கும் பிள்ளையை, அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியவரை அவர் கண்ணால் பார்ப்பதே இல்லை. வகுப்பறையில் இருக்கும் ஆசிரியருக்கும் வார்டில் இருக்கும் செவிலியருக்கும் அன்றாடம் கிடைக்கும் நிறைவு, அவர்களுக்குச் சம்பளம் வரக் காரணமான இவருக்குக் கிடைப்பதில்லை. இந்த வேலையில் ஆட்கள் சீக்கிரம் சோர்ந்து விலகுவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆர்வம் எங்கிருந்து வருகிறது

ஒரு காரியத்துக்காகப் பிறரிடம் கையேந்தத் துணிந்த பலருக்கும் அந்தத் துணிவைத் தந்தது அவர்களுடைய வாழ்க்கைதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். 1954-ல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அதே போன்ற வேகத்தோடு 1979-ல் மும்பையில் ‘க்ரை’ அமைப்பைத் தொடங்கியவர் ரிப்பன் கபூர். விமான நிறுவன ஊழியரான அவரோடு நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்தார்கள். கையில் இருந்த முதல் 50 ரூபாய். வாழ்த்து அட்டைகளை விற்றுக் குழந்தைகளுக்காகப் பணம் சேர்த்தார்கள். கபூர் 1994-ல் 40 வயதில் இறந்தபோது க்ரை நாடறிந்த பெயராகியிருந்தது.

இந்த அளவு தீவிரத்தை, பட்டப்படிப்பு முடித்துவிட்டு முதல் வேலைக்கு வரும் இளைஞரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. நேர்முகத் தேர்வில் கண் கலங்கப் பேசுவதை வைத்து ஆளை முடிவு செய்வதும் தவறு. பேச்சில் ஆர்வம் காட்டுவது எவருக்கும் எளிது. ஏற்கெனவே செய்த ஒன்றில்தான் அது நம்பும்படி தெரியும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதும், 2018-ல் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைப் புரட்டிப்போட்டபோதும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் யாரும் கூப்பிடாமல் களத்தில் இறங்கினார்கள். வீட்டு வாசல்களில் நின்று அரிசியும் போர்வையும் கேட்டு வாங்கி அனுப்பினார்கள். அப்படி ஒரு முறை முன்வந்தவர், தவறாமல் ரத்த தானம் செய்பவர், கோயில் அன்னதானத்துக்கோ பள்ளிக் கட்டடத்துக்கோ ஊரில் வசூலித்து ஒரு பைசா குறையாமல் கணக்கு ஒப்படைத்தவர் ஆகியோரின் ஆர்வத்துக்குச் சாட்சி இருக்கிறது. ‘எங்கள் பணி உங்களுக்கு ஏன் பிடிக்கும்?’ என்று கேட்பதைவிட, ‘கடைசியாக நீங்கள் எதற்குப் பணம் கொடுத்தீர்கள், ஏன் கொடுத்தீர்கள்?’ என்று கேட்பது பயன் தரும். ஒருபோதும் கொடுத்திராதவரால், கொடுப்பவர் மனத்தில் ஓடும் தயக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாது. தொகை 100 ரூபாயாக இருந்தாலும் போதும்.

பிரிட்டனில் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சமூகவியலாளர் பெத் பிரீஸ், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிதி திரட்டுநர்களிடம் தகவல் திரட்டி 2017-ல் ‘தி நியூ ஃபண்ட்ரெய்சர்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். பொதுமக்களோடு ஒப்பிட இவர்கள் பிறரை எளிதில் நம்புபவர்கள், பிறர் உணர்வைப் படிப்பதில் தேர்ந்தவர்கள் என்று அவர் கண்டார். நிறுவனங்கள் வலை வீசித் தேடும் ‘அடித்துப் பேசி முடிக்கும்’ ஆட்களின் படம் இதில் இல்லை.

ஆர்வம் மிகுந்துபோனால் கெடுதலும் உண்டு. தான் நம்பும் காரியத்துக்குக் கொடுக்காதவரைக் கல்நெஞ்சர் என்று எடைபோடும் மனநிலை சிலருக்கு வந்துவிடும். அது முகத்தில் தெரிந்துவிட்டால் அடுத்த ஆண்டு கொடுத்திருக்கக்கூடியவரும் கைநழுவிப் போவார். இன்னும் சிலர் நல்ல காரியம்தானே என்று உண்மையைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்குவார்கள். இருபது குழந்தைகள் நாற்பதாவார்கள்; திட்டமிட்ட பள்ளிக்கூடம் கட்டி முடித்த பள்ளிக்கூடமாகிவிடும். ஆர்வத்தைக் கட்டுக்குள் வைக்கும் வேறு குணங்களையும் சேர்த்துத் தேட வேண்டியது இதனால்தான்.

பேச்சைவிடக் காது

அவற்றில் முதலாவது, பிறர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கும் பொறுமை. ஓயாமல் பேசுபவர்தான் வசூலில் கெட்டிக்காரர் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஆடம் கிரான்ட், தொலைபேசி வழி விற்பனையில் இருந்த 340 பேரை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட முடிவு இதற்கு மாறானது. கலகலப்பாகப் பேசுபவர்களும் அமைதியானவர்களும் பின்தங்க, இரண்டு குணமும் அளவாகக் கலந்தவர்களே அதிக வருமானம் ஈட்டியிருந்தார்கள். அது விற்பனை பற்றிய ஆய்வு என்றாலும் நன்கொடைக்கும் பொருந்தும் என்று கொள்ள இடமுண்டு. நன்கொடையாளரிடம் சொல்வதற்கென்று பெரும்பாலும் ஒரு கதை இருக்கிறது. தந்தை பெயரில் ஏதாவது செய்ய நினைத்திருப்பார்; படித்த ஊருக்கு ஒரு நன்றிக்கடன் இருக்கும்; முன்பு வேறெங்கோ கொடுத்து ஏமாந்த கசப்பும் இருக்கலாம். முதல் சந்திப்பில் இதைக் கேட்டு மனத்தில் குறித்துக்கொள்பவருக்கு இரண்டாவது சந்திப்பில் எதைக் கேட்பது, எவ்வளவு கேட்பது என்று தெரிந்திருக்கும்.

இரண்டாவது நேர்மை. இங்கே அது தினசரி வேலையின் பகுதி. கொடுத்த பணம் எந்தத் திட்டத்துக்குப் போகும், அதில் எவ்வளவு நிர்வாகத்துக்குச் செலவாகும் என்று கேட்டால் மழுப்பாமல் சொல்ல வேண்டும். வருமான வரியில் 80ஜி என்று அறியப்படும் விலக்கு 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்குக் கிடையாது. இது தெரிந்தும் சொல்லாமல் 10,000 ரூபாயை ரொக்கமாக வாங்குபவர், வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் நாளில் நிறுவனத்தின் பெயரைக் கெடுத்துவிடுகிறார். ‘எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்லிவிட்டு மறுநாள் உண்மையாகவே கேட்டுச் சொல்லும் ஆளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மூன்றாவது, கேட்பதில் கூச்சமின்மை. நம் ஊரில் இதுவே பெரிய தடை. கேட்பதை இழிவென்று கருதி வளர்ந்தவர், கேட்கும்போதே மன்னிப்புக் கோரும் குரலில் கேட்பார். எதிரில் இருப்பவருக்கும் சங்கடமாகிவிடும். காந்தி இதில் முன்னுதாரணம். 1921-ல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு ஒரு கோடி ரூபாய் என்று இலக்கு வைத்து, ஜூன் 30 என்று கெடுவும் வைத்து அதைத் திரட்டினார். 1933 நவம்பரில் தொடங்கிய ஹரிஜன யாத்திரையில் ஏறக்குறைய ஒன்பது மாதம், 12,500 மைல் பயணம் செய்து சுமார் 8 லட்சம் ரூபாய் சேர்த்தார். அந்தப் பயணம் 1934 தொடக்கத்தில் தமிழ்நாட்டு ஊர்கள் வழியாகவும் வந்தது. கையெழுத்துக் கேட்டவர்களிடம் 5 ரூபாய் வாங்கினார். தனக்கு வாசித்தளித்த வரவேற்பு மடல்களை மேடையிலேயே ஏலம் விட்டார். பெண்கள் நகைகளைக் கழற்றித் தந்தார்கள். பணக்காரரிடம் கேட்ட அதே உரிமையோடு ஏழையிடம் காலணாவும் கேட்டார், அந்தக் காலணாவுக்கும் கணக்கு வைத்தார். தனக்காகக் கேட்கவில்லை என்ற தெளிவு அவருக்கு இருந்தது. கேட்பவருக்குக் கூச்சம் போவது அந்தத் தெளிவு வந்தபிறகுதான்.

மறுப்பைத் தாங்கும் உறுதி, சந்தித்தவரின் பெயரையும் அவருக்குச் சொன்ன வாக்கையும் மறக்காத ஒழுங்கு, நன்றிக் கடிதத்தைத் தள்ளிப்போடாத சுறுசுறுப்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இவற்றில் பலவற்றை அரைமணி நேரப் பேட்டியில் கண்டுபிடிக்க முடியாது. வேலைக்கு வருபவரை அனுபவமுள்ள ஒருவரோடு ஒரு நாள் களத்துக்கு அனுப்பிப் பார்ப்பது நல்ல வழி. அந்த ஒரு நாளுக்கும் படி கொடுத்துவிட வேண்டும். முப்பது பேர் முகம் திருப்பிய பிறகு முப்பத்தோராவது ஆளிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்தால் பாதி தெரிந்துவிடும். மாலையில் ‘இன்று யார் உங்கள் நினைவில் நிற்கிறார்கள்?’ என்று கேட்டால் மீதியும் தெரிந்துவிடும். மனிதர்களை நினைவில் வைத்திருப்பவர் ஒருவரைப் பற்றியாவது சொல்வார்.

கமிஷனும் ஆர்வமும்

வசூலில் பங்கு கொடுத்தால் ஆர்வம் கூடும் என்று தோன்றுவது இயல்பு. பொருளியலாளர்கள் யூரி நீசியும் ஆல்டோ ருஸ்டிசினியும் இஸ்ரேலில் இதைச் சோதித்துப் பார்த்து 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அங்கே ஆண்டுதோறும் குறிப்பிட்ட நாள்களில் பள்ளி மாணவர்கள் வீடு வீடாகப் போய்ப் பொதுக் காரியங்களுக்கு நிதி சேர்ப்பது வழக்கம். 180 மாணவர்களை இருவர் இருவராக அனுப்பினார்கள். ஒரு பிரிவுக்கு வேலையின் அருமையை மட்டும் எடுத்துச் சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு வசூலில் 1 சதவீதம் தருவதாகவும், மூன்றாவது பிரிவுக்கு 10 சதவீதம் தருவதாகவும் கூடுதலாகச் சொன்னார்கள். அந்தப் பங்கை நன்கொடையிலிருந்து எடுக்கவில்லை. ஆய்வாளர்கள் தனியாகக் கொடுத்தார்கள். பணமே பேசாத பிரிவில் ஒவ்வொரு ஜோடியும் சராசரியாக 239 ஷெக்கல் சேர்த்தது. 10 சதவீதப் பிரிவு 219 ஷெக்கல் சேர்த்தது. 1 சதவீதம் பெற்றவர்கள் சேர்த்தது 154 ஷெக்கல்தான். நல்ல காரியம் என்று எண்ணிப் போனவர்களுக்கு ஒரு சிறு கூலி பேசப்பட்டதும், அது அந்தக் கூலிக்கு மட்டுமே ஈடான வேலையாக மாறிவிட்டது.

அமெரிக்காவில் 1960-ல் தொடங்கிய தொழில்முறை நிதி திரட்டுநர் சங்கம், வசூல் தொகையில் சதவீதம் கணக்கிட்டு ஊதியம் பெறுவதைத் தன் ஒழுக்க நெறியில் தடை செய்திருக்கிறது. சதவீதத்துக்கு வேலை செய்பவர் இன்று வாங்கக்கூடிய தொகையையே பார்ப்பார். ஐந்து ஆண்டு பழகிய பின் வரக்கூடிய பெருந்தொகைக்காகக் காத்திருக்க அவரால் முடியாது. கொடுத்த பணத்தில் ஒரு பங்கு கேட்டவர் பைக்குப் போகிறது என்று தெரிந்தால் கொடுத்தவர் மனமும் விட்டுப்போகும்.

இதைத் திரித்து, சேவை மனப்பான்மை உள்ளவருக்குச் சம்பளம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வி அநியாயமானது. இஸ்ரேல் மாணவர்கள் ஓரிரு நாள் வேலைக்கு வந்தவர்கள். வீட்டு வாடகை கட்ட வேண்டியவர்கள் அல்லர். முழுநேர நிதி திரட்டுநருக்குக் குடும்பம் நடத்தப் போதுமான நிலையான சம்பளம் தர வேண்டும். மாதக் கடைசியில் வாடகைக்குத் திண்டாடுபவரிடம் ஆர்வம் நிலைக்காது.

சில நிமிடச் சந்திப்பு

வேலையில் சேர்ந்தவரின் ஊக்கத்தைக் காப்பது பற்றி இதுவரை வந்த ஆய்வுகளில் மிகத் தெளிவானது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அங்கே பழைய மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து நன்கொடை கேட்க ஒரு தனி மையம் இருந்தது. கிடைத்த பணத்தின் ஒரு பகுதி, வசதியில்லாத மாணவர்களின் கல்வி உதவித்தொகைக்குப் போனது. அழைப்பவர்களுக்கு இது தெரியும். ஆனால் உதவி பெற்ற ஒருவரையும் அவர்கள் சந்தித்ததில்லை. ஆடம் கிரான்டும் உடன் ஆய்வாளர்களும் அவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு உதவித்தொகை பெற்ற மாணவர் ஒருவரை நேரில் சந்தித்துச் சில நிமிடம் பேசியது. இன்னொரு பிரிவு அப்படிப்பட்ட மாணவர் எழுதிய கடிதத்தைப் படித்தது. மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, நேரில் சந்தித்தவர்கள் வாரந்தோறும் தொலைபேசியில் செலவிட்ட நேரம் 142 சதவீதம் கூடியிருந்தது. அவர்கள் திரட்டிய பணம் 171 சதவீதம் கூடியிருந்தது, அதாவது முன்பைப் போல ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. மற்ற இரண்டு பிரிவுகளிலும் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. சம்பளமும் மேலாளரும் அவர்கள் படித்துக் காட்டிய வாசகங்களும் மாறவில்லை. தங்கள் வேலையால் படிக்கும் ஒருவரை அவர்கள் பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். 2007-ல் இந்த முடிவு வெளியானது.

அடுத்த ஆண்டு வெளியான இன்னொரு சோதனையில் கிரான்ட், உதவி பெற்றவர்களின் அனுபவக் கதைகளை ஒரு பிரிவினருக்குப் படிக்கக் கொடுத்தார். இந்த வேலை தங்கள் எதிர்காலத்துக்கு எப்படி உதவியது என்று முன்னாள் ஊழியர்கள் எழுதியதை இன்னொரு பிரிவுக்குக் கொடுத்தார். முதல் பிரிவின் வசூல் ஒரு மாதத்தில் இரட்டிப்புக்கும் மேலானது. சொந்த நன்மையைப் பற்றிப் படித்தவர்களிடம் மாற்றமில்லை. ‘இந்த வேலையால் உங்களுக்குப் பேச்சுத் திறமை வளரும், நல்ல எதிர்காலம் உண்டு’ என்று சொல்லியே ஆள் சேர்க்கும் முகமைகள் இதைக் கவனிக்க வேண்டும். ஆய்வாளர் பிரான்செஸ்கா ஜீனோவோடு சேர்ந்து கிரான்ட் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், துறைத் தலைவர் நேரில் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போன பிரிவினர் அடுத்த வாரம் செய்த அழைப்புகள் ஏறக்குறைய 50 சதவீதம் கூடியிருந்தன.

செலவே இல்லாத இந்த வழிகளைப் பல நிறுவனங்கள் கையாளுவதில்லை. காரணம் அலுவலக அமைப்பிலேயே இருக்கிறது. களப்பணிக்கு ஒரு துறை, நிதிக்கு ஒரு துறை என்று பிரித்துவிடுகிறார்கள். களத்தில் இருப்பவர்கள் உண்மையான சேவை செய்பவர்கள், நிதித்துறையினர் வெறும் வசூல்காரர்கள் என்ற பார்வை சில இடங்களில் வெளிப்படையாகவே இருக்கிறது. பெருநகர அலுவலகத்தில் இருந்துகொண்டு மலைக் கிராமத்துப் பள்ளிக்காகப் பேசுபவர், அந்தப் பள்ளியை ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும். அங்கே மழைக்காலத்தில் ஆசிரியர் எப்படி வந்துசேர்கிறார், மதியச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவரின் பேச்சில் அச்சிட்ட துண்டறிக்கையின் வாசனை இருக்காது. உதவி பெறுபவர்களைக் காட்சிப்பொருளாக்காமல், அவர்கள் சம்மதத்தோடு, சம நிலையில் உட்கார்ந்து பேசும்படி அந்தச் சந்திப்பை அமைப்பது நிறுவனத்தின் பொறுப்பு.

வரம்பு மீறும்போது

ஊக்கம் தருவதற்குப் பதில் இலக்கை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. தெருவில் நின்று மாதச் சந்தாவுக்கு ஆள் சேர்க்கும் முறையை 1995-ல் ஆஸ்திரியாவில் கிரீன்பீஸ் தொடங்கியது. சில ஆண்டுகளில் பிரிட்டனுக்கும் பரவியது. ஒப்பந்த முகமைகளும் தினசரி இலக்குகளும் பெருகின. அப்படிச் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முதல் ஆண்டுக்குள்ளேயே சந்தாவை நிறுத்தினார்கள். 2015-ல், பல ஆண்டுகள் போர்வீரர் நிதிக்காகப் பாப்பிப் பூ விற்றுவந்த 92 வயது மூதாட்டி பிரிஸ்டலில் இறந்தார். அவருடைய முகவரி 99 தொண்டு நிறுவனங்களிடம் இருந்ததும், நன்கொடை கேட்டு அவருக்குக் கடிதங்கள் குவிந்ததும் பின்னர் தெரியவந்தது. அவர் இறப்புக்கு அது காரணமல்ல என்று குடும்பத்தினர் தெளிவுபடுத்தினார்கள். ஆனாலும் நாடே கொதித்தது. 2016-ல் நிதி திரட்டலுக்கென்று புதிய ஒழுங்குமுறை அமைப்பு உருவானது. நன்கொடை கேட்டு வரும் கடிதங்களையும் அழைப்புகளையும் மக்கள் தாங்களே நிறுத்திக்கொள்ளும் வசதி 2017-ல் வந்தது.

சிகாகோ பகுதியில் நடந்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வும் இதையொட்டியதே. நன்கொடை கேட்டு இன்ன நேரத்தில் வருவோம் என்று முன்கூட்டியே வாசலில் சீட்டு மாட்டிவிட்டுப் போனபோது, கதவைத் திறந்தவர்கள் கணிசமாகக் குறைந்தார்கள். கேட்டால் மறுக்க முடியாத சங்கடத்துக்காகவே பலர் கொடுக்கிறார்கள் என்பது அதன் முடிவு. சங்கடத்தால் கொடுத்தவர் அடுத்த முறை கதவைத் திறப்பதில்லை. நிதி திரட்டுநரை அளக்க இன்று எத்தனை பேரைச் சேர்த்தார் என்ற எண் போதாது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பிறகும் தொடர்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அழுத்தம் தந்து பணம் வாங்குபவரும் மனம் கனிந்து கொடுக்க வைப்பவரும் அந்தக் கணக்கில் தனித்தனியாகத் தெரிந்துவிடுவார்கள்.

ஆட்கள் நிலைக்காததன் விலை பெரியது. அமெரிக்காவில் 2,700-க்கும் மேற்பட்ட தொண்டு நிறுவனத் தலைவர்களிடமும் நிதித்துறைத் தலைவர்களிடமும் திரட்டிய தகவலோடு 2013-ல் ஓர் அறிக்கை வந்தது. நிதித்துறைத் தலைவர்களில் பாதிப் பேர் இரண்டு ஆண்டுக்குள் வேலையை விட்டுவிடப்போவதாகச் சொன்னார்கள். அப்படி ஒருவர் போகும்போது அவர் பழகிவைத்த நன்கொடையாளர்களின் நம்பிக்கையும் அவரோடு போய்விடுகிறது. புதிதாக வருபவர் பெயர் கேட்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தியாவில் வரும் ஆண்டுகளில் நன்கொடை கேட்பது இன்னும் கடினமாகும். 2023-24 நிதியாண்டு முதல் தனிநபர் வருமான வரியில் புதிய முறையே இயல்பான முறை; அதில் 80ஜி விலக்கு கிடையாது. மார்ச் மாதத்தில் ‘வரி மிச்சமாகும் சார்’ என்று சொல்லிக் கேட்க முடிந்த நன்கொடையாளர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இனி பணியின் தரத்தைச் சொல்லித்தான் கேட்க வேண்டும், அதைச் சொல்ல அதை நேரில் பார்த்த ஆள் வேண்டும். அடுத்த நிதி திரட்டுநரை வேலைக்கு எடுக்கும் அறங்காவலர்களே, அவருக்கு முதல் நாளே இலக்குப் பட்டியலைக் கொடுக்காமல், முதல் வாரம் முழுவதும் களத்துக்கு அனுப்பிவையுங்கள்.